14 வருடம் கழித்து ரேக்வானின் இரண்டாம் பாகம்

ஹார்ட்கோர் ராப்பில் வயது ஏறிய ஒருவர் புது ஆல்பம் போடுகிறார் என்றாலே எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். இருபது வயதுப் பையன்கள் பாடுவது மாதிரி தானும் பாடிப் பார்ப்பார். அல்லது பழைய பெயரை அட்டையில் ஒட்டி விற்றுவிடுவார். அமெரிக்க ராப்பர் ரேக்வானின், 2009 செப்டம்பர் 8 அன்று வெளிவந்த 'ஒன்லி பில்ட் ஃபார் கியூபன் லிங்க்ஸ் பார்ட் 2' விஷயத்தில் இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. அந்தப் பெயரைத் தொடுவது சாதாரண காரியம் இல்லை.

1995-இல் வந்த முதல் பாகத்தை ஊதா நிற கேசட் என்று சொன்னாலே ராப் கேட்பவர்களுக்குப் புரியும். ரேக்வானின் ராப் குழுவான வூ-டாங் கிளானின் ரிஸா (RZA) ஒருவரே மொத்த இசையையும் அமைத்தார். அதே குழுவின் கோஸ்ட்ஃபேஸ் கில்லா ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் கூடவே நின்றார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவின் போதைப்பொருள் வியாபாரத்தை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய ஆல்பங்கள் குறைவு. அப்புறம் 1999-இல் ரேக்வான் போட்ட ஆல்பத்தில் ரிஸாவும் இல்லை, கோஸ்ட்ஃபேஸும் இல்லை. குரல் அதே குரல்தான், ஆனால் அது நிற்க ஒரு இடம் இல்லாமல் போய்விட்டது. 2003-இல் வந்த ஆல்பமும் என் மனதில் ஒட்டவில்லை. இந்த இரண்டாம் பாகம் வரும் வரும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போனபோது, சரி, இது நடக்காது என்றே விட்டுவிட்டேன்.

நடந்திருக்கிறது. நன்றாகவே நடந்திருக்கிறது.

முதல் பாகம் குழுவின் வழிகாட்டியான பாப்பா வூவின் பேச்சோடு முடியும். இது அவர் பேச்சோடுதான் தொடங்குகிறது. விட்ட இடத்திலேயே கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுகிற மாதிரி. அதற்கு அடுத்த இருபது நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது. 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்' பாட்டின் பீட்டை, அதாவது பின்னணி இசையைப் போட்டவர் ஜே டில்லா. 2006-இல் இறந்துபோனவர். அவர் விட்டுச் சென்ற பீட் மேல் இன்ஸ்பெக்டா டெக், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ், மெத்தட் மேன் என்று குழுவின் ஆட்கள் வரிசையாக ஏறி அடிக்கிறார்கள். ஒருவர் முடிக்கும் இடத்தில் அடுத்தவர் மூச்சுவிடாமல் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் அப்போது நாற்பதை நெருங்கியவர்கள். ஆனால் பசி துளியும் குறையவில்லை.

ரேக்வான் எங்கே ஜெயிக்கிறார் என்றால், சின்னச் சின்ன விவரங்களில். ஒரு அறைக்குள் நுழைந்தால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், என்ன ஷூ போட்டிருக்கிறார், மேஜைமேல் என்ன கிடக்கிறது என்பதையெல்லாம் சொல்லாமல் கதையைத் தொடங்க மாட்டார். 'பைரெக்ஸ் விஷன்' ஒரு நிமிட அளவே ஓடுகிறது. மார்லி மார்லின் பீட். ஒரு சமையலறை, ஒரு கண்ணாடிப் பாத்திரம், அடுப்பின்மேல் கொதிக்கும் போதைச் சரக்கு. அவ்வளவுதான். குரலை உயர்த்தவே இல்லை, மிரட்டவும் இல்லை. வேலை பார்க்கும் மனிதன் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசுகிற குரல் அது. முன்னே பின்னே வரும் நீளமான பாட்டுகள் இதன் பக்கத்தில் நிற்கத் திணறுகின்றன.

'கோல்ட் அவுட்சைட்' வேறு மாதிரி. கோஸ்ட்ஃபேஸ் எடுத்த எடுப்பில் ஒரு மாடிப்படியின் உச்சியில் இறந்து கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைக் காட்டுகிறார். அது போட்டிருக்கும் சட்டையைக்கூட விடவில்லை. அந்த வரி வந்தபோது நான் பாட்டை நிறுத்திவிட்டேன். இவர்கள் பாடுவது போதைப்பொருள் விற்றுப் பணம் சேர்த்த கதை என்று ஒதுக்கி வைப்பவர்கள் இந்த ஒரு பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும். அந்தப் பணத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது இதில் பச்சையாக இருக்கிறது. 1995-இல் இருந்த மினுமினுப்பு, இந்த ஆல்பத்தின்போது 39 வயதான ரேக்வானிடம் குறைந்திருக்கிறது. பார்த்த சாவுகளின் கனம் கூடியிருக்கிறது.

'ஏசன் ஜோன்ஸ்' 2004-இல் இறந்த குழுத் தோழர் ஓல் டர்ட்டி பாஸ்டர்டுக்காக எழுதியது. அதற்கும் ஜே டில்லாவின் பீட்தான். இறந்துபோன ஒருவரின் இசைமேல் இறந்துபோன இன்னொருவரை நினைத்து ரேக்வான் பாடுகிறார். அழுது வடியாமல், கூடப் பழகியவன் கூடப் பழகியவனைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுகிறார். எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகப் பிடித்தது இதுதான்.

ரிஸாவுக்கு இந்த முறை மூன்று நான்கு பாட்டுகள்தான். மற்றவை பீட் ராக், அல்கெமிஸ்ட், எரிக் செர்மன், நெக்ரோ, ஸ்க்ராம் ஜோன்ஸ் என்று பல கைகள். இத்தனை பேர் போட்டும் ஒரே இருட்டு, ஒரே தெரு என்றே கேட்கிறது. ராப்பர் பஸ்டா ரைம்ஸும் ரிஸாவும் தயாரிப்பை மேற்பார்த்திருக்கிறார்கள். அந்தக் கவனம் தெரிகிறது. பீட் ராக்கின் 'சன்னிஸ் மிஸ்ஸிங்' எல்லாம் ரேக்வான் தனியாளாகவே ஒரு பாட்டைத் தாங்குவார் என்பதற்குச் சாட்சி.

குறை இருக்கிறது. 22 ட்ராக், 70 நிமிடத்துக்கு மேல். புகழ்பெற்ற தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே இசையமைத்துக் கொடுத்த 'கேட்டலினா', 'அபௌட் மீ' இரண்டும் சுத்தமாக, பளபளப்பாக இருக்கின்றன; அந்தப் பளபளப்பே இங்கே இடிக்கிறது. மற்ற பாட்டுகளில் இருக்கும் அழுக்கும் கீறலும் திடீரென்று துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. 'வீ வில் ராப் யூ' குவீன் குழுவின் புகழ்பெற்ற பாட்டைத் திருப்பிப் போட்ட விளையாட்டு. மூத்த ராப்பர் ஸ்லிக் ரிக்கை அழைத்து வந்து இதற்கா பயன்படுத்துவது? இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் முதல் பாகத்தின் பக்கத்திலேயே வைக்கலாம் என்பேன். இப்போதைக்கு ஒரு படி கீழே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரேக்வானின் பேச்சுவழக்கு முதல் தடவையில் பிடிபடாது. பாதி அவர்கள் தெருவுக்குள்ளேயே புழங்குவது. வரிகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம் என்று உட்காராதீர்கள். முதலில் ஹெட்போனில் சத்தமாக முழுசாகக் கேட்டுவிடுங்கள், அந்தக் குரலின் நடை காதில் ஏறட்டும். வரிகளை அப்புறம் பார்க்கலாம். முதல் பாகம் கேட்காதவர்கள் அதைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். இரண்டுக்கும் நேரம் இல்லை என்றால் 'ஏசன் ஜோன்ஸ்', 'கோல்ட் அவுட்சைட்', 'ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்' இந்த மூன்றையாவது கேளுங்கள்.