பீட்டில் எஞ்சினின் ஆயில் ஆவியை எங்கே அனுப்புவது?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் கார்புரேட்டரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் தண்டு சுழலும் எஞ்சின் கூடு, மூச்சுவிடும் வழியை மட்டும் கடைசி நாளில் கையில் கிடைத்த ஹோஸை மாட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசிவது எல்லா எஞ்சினிலும் உண்டு. அது வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பீட்டிலில் கிராங்க் தண்டின் நுனியில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லிக்கு ரப்பர் சீல் கிடையாது. புல்லிக் கழுத்தில் வெட்டிய மரை சுழன்று ஆயிலை உள்ளே திருப்புகிறது, அவ்வளவுதான். அழுத்தம் கூடினால் அந்த மரையால் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆரம்பகால பீட்டில்களில் ஒரு குழாய் ஆவியைத் தரையை நோக்கி விட்டது. பிறகு ஆயில் ஊற்றும் வாயிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ் போனது. எஞ்சின் அதைத் தானே உறிஞ்சி எரித்துவிடும். ஒற்றைக் கார்புரேட்டரோடு சாதாரணமாக ஓடும் வண்டிக்கு இது போதும். கார்புரேட்டருக்குள் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு படியும், துடைத்துக்கொள்ளலாம்.

இரட்டைக் கார்புரேட்டர் போட்டதும் பலர் போவது பிரீதர் பாக்ஸுக்கு. வால்வு கவர்களிலிருந்தும் ஆயில் வாயிலிருந்தும் ஹோஸ்கள் ஒரு பெட்டிக்கு வரும், தலையில் ஒரு குட்டி ஃபில்டர். அதிக ஆர்பிஎம்மில் அழுத்தம் நன்றாக இறங்கும். ஆனால் அந்த ஃபில்டர் எஞ்சின் அறைக்குள்ளேயே ஆவியைக் கக்குகிறது. அதே அறைக் காற்றைத்தான் கூலிங் ஃபேன் இழுத்து சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை இறக்கும் ஃபின் தகடுகள் மேலும் ஆயில் கூலர் மேலும் அடிக்கிறது. ஃபின்னில் எண்ணெய் படியும், எண்ணெயில் தூசி ஒட்டும், சூடு இறங்காது. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு இது வெறும் அழுக்கு. காற்றில் குளிரும் பீட்டில் எஞ்சினுக்கோ ஆயுள் பிரச்சினை. ஹீட்டரும் ஃபேன் காற்றையே வாங்குவதால் வாடை உள்ளே உட்கார்ந்திருப்பவர் மூக்கு வரை வரும். சரி, பெட்டி வேண்டும் என்றால் குட்டி ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர் அடித்தட்டுக்கு ஹோஸ் எடுங்கள். ஹோஸ் எங்கேயும் தொய்யக்கூடாது. தொய்ந்த இடத்தில் ஆயில் தேங்கி வழியை அடைத்துவிடும்.

இன்னொரு வழி பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு). இது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மேனிஃபோல்ட் குழாயின் வெற்றிடத்தால் ஆவியை இழுக்கும். காகிதத்தில் இதுதான் சுத்தமான வழி. ஆனால் கூடுதல் காற்று உள்ளே போவதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் திருத்தாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், சிலிண்டர் ஹெட் சூடேறும். இரட்டைக் கார்புரேட்டரில் வெற்றிடமும் சீராக இருக்காது. எக்ஸாஸ்ட் குழாயில் ஒருவழி வால்வு வைத்து இழுப்பது ரேஸ் வண்டிக்கானது. சைலன்சர் உள்ள தெரு வண்டிக்கு வேண்டாம்.

சிட்ரோயன் 2சிவியில் பார்த்த ஒருவழி வால்வை இங்கே போடலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் காரின் எஞ்சினில் எதிரெதிரே உள்ள இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே வெளியே போய் சேர்ந்தே உள்ளே வரும், அதனால் கிராங்க்கேஸ் பம்ப் மாதிரி அடிக்கும். பீட்டிலின் நான்கு பிஸ்டன்களில் ஒரு ஜோடி வெளியே போகையில் மற்ற ஜோடி உள்ளே வருகிறது. அந்தத் துடிப்பு இங்கே இல்லை.

எதை வாங்கும் முன்பும் எஞ்சினை ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான மூச்சு வந்தால் சரி. புகை பீறிட்டு வந்தால் பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர் அழுத்தச் சோதனை.