பலூ தம்பி 2: பனியிலும் வாசிக்கலாம்

எங்கள் தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாப் பதாகைக்கு இந்த முறை பலூ தம்பி 2 எழுத்துருவைப் போட்டேன், இலங்கை மலையகத்து ஹட்டன் பனியிலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே வாசிக்க முடிகிறது. எக் டைப் குழுவின் வேலை. இலவசம், 5 தடிமன்களில் கிடைக்கிறது, நான் எடுத்தது இருப்பதிலேயே தடித்தது. கோடுகள் புஷ்டியாக, முனைகள் உருண்டு, அப்போதுதான் அவித்து இறக்கிய கொழுக்கட்டை மாதிரி அவ்வளவு அழகு. கடைப் பலகை, முன்பள்ளி விழா எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். மரண அறிவித்தலுக்கு வேண்டாம். சின்ன அளவில் ண, ஞ எழுத்துகளின் உள் இடைவெளி அடைபட்டுவிடுகிறது, அதனால் பூசை நேரவிபரத்தை மெல்லிய தடிமனில்தான் போட்டேன். அப்புறம், இதில் சிங்கள எழுத்து இல்லை, மும்மொழிப் பலகை என்றால் ஈடான தடிமனில் வேறொன்று தேட வேண்டும்.