ஏசி கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது: ரிப்பேருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டு ஏசியில் குளிர்ச்சி குறைந்திருக்கிறது. பார்க்க வந்தவர் வாயைத் திறந்ததுமே "கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்" என்கிறார். தயவுசெய்து உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். இதே பேச்சை நம்பி எங்கள் வீட்டில் அடுத்தடுத்து பணம் கட்டினோம். பழுது இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லும் அளவுக்குப் போனார்கள்.

ஏசியில் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய காப்பர் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒழுகாத வரை அளவு குறையாது. ஆகவே கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பினால், நிரப்பியதும் அதே வழியாக வெளியே போகும். "வருஷா வருஷம் கேஸ் போட்டாதான் ஏசி நல்லா இருக்கும்" என்று யார் சொன்னாலும் அது பொய்.

எங்களிடம் வந்தவர் ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக அவுட்டோர் யூனிட்டுக்குப் போய் பிரஷர் அளக்கும் கேஜை மாட்டினார். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே முள்ளைக் காட்டி, "பாருங்க மேடம், பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கு" என்றார். முள் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கேஸ் குறைவு ஒன்றுதான் காரணம் என்பது இல்லை. ஃபில்டரிலும் கூலிங் காயிலிலும் தூசி அடைத்து காற்றோட்டம் குறைந்தாலும் கேஜ் மாட்டிய அந்தப் பக்கத்தில் பிரஷர் இறங்கும். காயிலில் பனிக்கட்டி பிடிப்பதற்கும் இது ஒரு காரணம். அதனால் ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்யாமல் காட்டுகிற கேஜ் அளவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏசியை நிறுத்திவிட்டுக் காட்டும் அளவை வைத்து ஒரு முடிவுக்குமே வர முடியாது. நின்றிருக்கும் ஏசியில் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே போதும், முள் அப்போதைய வெப்பநிலைக்கு ஏற்ற பிரஷரைத்தான் காட்டும். உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் கூடிக் குறைவதால் பிரஷரும் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே கேஜை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறவரை இன்னும் சந்தேகப்பட வேண்டும்.

முள்ளைப் பார்த்தபடியே சிலிண்டரைத் திறந்து நிரப்பினார். எடை போடவில்லை. பில்லில் கேஸ் சார்ஜிங், சர்வீஸ், மெட்டீரியல் என்று மூன்று வரி. மெட்டீரியல் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "எல்லாம் சேர்த்துதான் மேடம்" என்ற பதில்தான் வந்தது. கசிவு சின்னது என்பதால் கொஞ்ச காலம் நன்றாகக் குளிர்ந்தது. இந்த ஏமாற்று வேலை நடப்பதே அதனால்தான். உடனே குளிர்ச்சி தெரிவதால் வேலை சரியாக நடந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அப்புறம் மறுபடியும் குளிர்ச்சி போனது, மறுபடியும் கேஸ் போட்டார்கள். பிறகு ஒரு நாள் அவுட்டோர் யூனிட் "ம்ம்ம்" என்று உறுமிவிட்டு டக்கென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் உறுமியது, நின்றது. அதே இடத்திலிருந்து வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "கம்ப்ரஸர் போச்சு, புது மெஷினே வாங்கிடலாம், எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தர்றோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். நோயைப் பார்க்காமலே ஆளை முடிந்துபோனார் என்று சொல்வது என்ன நியாயம்?

பிறகு தெரிந்தவர்கள் மூலமாக, இதே தொழிலில் பல வருஷம் இருக்கிற ஓர் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் முதலில் மெயினை ஆஃப் செய்துவிட்டு மூடியைக் கழற்றினார். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, வெளியே எடுத்து, மீட்டரில் வைத்து எங்களையே படிக்கச் சொன்னார். அதன் மேல் 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 11 காட்டியது. கம்ப்ரஸர் மோட்டாரைக் கிளப்பி ஓட வைப்பது இந்தச் சின்ன டப்பாதான். இது பலவீனமானால் மோட்டார் உறுமும், கிளம்பாது, சூடாகி ஓவர்லோடு என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். அப்புறம் கம்ப்ரஸரின் மூன்று டெர்மினல்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்தார். எர்த்துக்கு மின்சாரம் கசிகிறதா என்றும் பார்த்தார். வைண்டிங், அதாவது மோட்டாரின் கம்பிச்சுருள், நன்றாகவே இருந்தது. புது கெப்பாசிட்டர் போட்டதும் கம்ப்ரஸர் ஓடியது. ஏசியில் மிக விலை குறைந்த பாகங்களில் கெப்பாசிட்டர் ஒன்று, மிக விலை அதிகமானவற்றில் கம்ப்ரஸர் ஒன்று. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுபோல இருக்கும் என்பதால்தான் இந்த ஏமாற்று எளிதாகிவிடுகிறது. (நீங்களே திறந்து பார்க்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும், ஆளைத் தூக்கி அடிக்கும்.)

கசிவையும் அவர்தான் கண்டுபிடித்தார். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் காப்பர் குழாய் வந்து சேருகிற பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றும், அதனால் கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும். அவர் சோப்பு நுரையைப் பூசிவிட்டு ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். நட்டின் அடியில் ஒரே ஒரு குமிழி மெல்லப் பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. முன்பு வந்தவர்கள் கேஜ் மாட்டிய வால்வுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் அந்த நட் இருந்தது.

உள்ளே இருந்த கேஸைத் தனி சிலிண்டரில் இறக்கிவிட்டு, குழாய் நுனியை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்து, அதாவது நுனியை விரித்து, நட்டை முறுக்கினார். நைட்ரஜன் ஏற்றி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்தார். பிறகு பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வேக்கம் எடுத்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் ஸ்டிக்கரில் எழுதியிருந்த கிராம் கணக்குக்குக் கேஸ் ஏற்றினார். கேஸ் போடும் வேலை என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான். இதற்கு நேரம் ஆகும், நியாயமான கூலியும் ஆகும், அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். வேக்கம் எடுக்காவிட்டால் உள்ளே காற்றும் ஈரமும் தங்கி ஆயிலைக் கெடுக்கும், கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டரால் பிரஷர் ஏற்ற யாராவது முயன்றால் உடனே தடுத்து நிறுத்துங்கள். ஆயிலும் ஆக்ஸிஜனும் அந்த அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

அதே ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்றும் இருக்கும்: ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது, கலக்கவும் கூடாது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் அது உள்ளே இருக்கும்போது குழாயில் தீ வைத்துப் பற்றவைப்பு செய்ய விடாதீர்கள். ஆர்-22 ஏசி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அந்த கேஸின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். அப்படிப்பட்ட பழைய ஏசியில் காயிலே ஓட்டை என்றால், செலவழித்துச் சரிசெய்வது பெரும்பாலும் வீண்தான்.

வாரன்ட்டி விஷயத்திலும் கவனம் தேவை. கம்ப்ரஸருக்குப் பல வருஷ வாரன்ட்டி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பெரும்பாலும் அது பாகத்துக்கு மட்டும்தான். கூலியும் கேஸும் தனி. ஆள் வருவதற்கு முன்பே சீரியல் நம்பரைச் சொல்லி எது எதற்குப் பணம் என்று கேட்டுவிடுங்கள். இன்டோர் யூனிட்டில் எரர் கோடு மின்னினால், அது மறைவதற்குள் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஏசியைக் கட்டுப்படுத்தும் பிசிபி போர்டு போய்விட்டது என்று யாராவது சொல்லும்போது அந்தப் படம் உதவும்.

நாங்கள் பழைய இடத்துக்கு ஃபோன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "அது வேற லீக்கா இருக்கும், நாங்க பண்ணது வேற வேலை" என்றார்கள். பில்லில் எத்தனை கிராம் கேஸ், எந்த இடத்தில் கசிவு என்று எதுவுமே எழுதாததால் அதற்கு மேல் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அதனால் நீங்கள் பணம் கொடுக்கும் முன்பே, கேஸின் பெயர், ஏற்றிய கிராம், கசிவு இருந்த இடம், மாற்றிய பாகம், வேலைக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பதை அவர் கையாலேயே பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.