கடைசி இடமா, எட்டாவது இடமா? கொடைக்கானலிலிருந்து ஓர் ஒப்பீடு

2022 ஜூனில் வெளியான ஒரு பட்டியலில் இந்தியாவுக்கு 180 நாடுகளில் 180ஆவது இடம். அதே ஆண்டு நவம்பரில் வெளியான இன்னொரு பட்டியலில் 8ஆவது இடம். முதலாவது, யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தயாரிக்கும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு. இரண்டாவது, ஜெர்மன்வாட்ச் அமைப்பு தன் கூட்டாளிகளுடன் வெளியிடும் காலநிலை மாற்றச் செயல்திறன் குறியீடு. கொடைக்கானலில் எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அதை வைத்தே பாடம் நடத்த வேண்டியிருந்தது. "எட்டாவது இடத்தையே எடுத்துக்கொள்ளலாம் சார், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நான் கடைசி இடம் கொடுத்த குறியீட்டை எடுத்தேன். காரணம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து எங்கள் மலைச்சரிவுகளில் நிற்கும் வாட்டில் மரம்.

போட்டியில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: 1990களில் கனடாவில் வில்லியம் ரீஸும் மதிஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய சூழலியல் காலடித் தடம். நாம் நுகர்வதற்கு எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும், நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று வரவு செலவு பார்க்கும் கணக்கு அது. எல்லாவற்றையும் 'உலக ஹெக்டேர்' என்ற ஒரே அலகில் சொல்லிவிடுவதால் வகுப்பறைக்கு இதைப்போல் வசதியானது வேறில்லை. உணவு, மின்சாரம், பயணம் என்று சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் கிடைத்துவிடும்.

ஜெர்மன்வாட்ச் குறியீட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 63 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் பசுங்குடில் வாயு வெளியேற்றத்துக்கு 40 சதவீதம். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, எரிசக்திப் பயன்பாடு, காலநிலைக் கொள்கை ஆகிய மூன்றுக்கும் தலா 20. எந்த நாடும் போதிய அளவு செய்யவில்லை என்று முதல் மூன்று இடங்களைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஆக, எட்டாவது இடம் என்றால் பட்டியலில் ஐந்தாவது நாடு. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியாவின் வெளியேற்றம் குறைவு. உயர்ந்த இடத்துக்கு அதுவே பெரிய காரணம். ஆனால் குடிநீர், குப்பை, உயிரினங்கள் எதற்கும் அங்கே தனி மதிப்பெண் கிடையாது. கொள்கைப் பகுதிக்கு நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அதை எடைபோடும் அளவுக்கு அந்தக் குறியீட்டோடு நான் புழங்கியதில்லை. மின்துறையில் இருப்பவர்கள் அதற்கே முதலிடம் கொடுக்கலாம். கொடுத்தால் மறுக்க மாட்டேன்.

இனி வாட்டிலுக்கு வருகிறேன். பழனி மலையின் மேல்பகுதி இயல்பில் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக்காடும். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், விறகுக்கும் ஆலைகளுக்குமாக யூகலிப்டஸ், அதன்பின் பைன் என்று வரிசையாக நட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று 'பிளாஸ் ஒன்' இதழில் 2018இல் வந்த ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. மன்னவனூர்ப் பக்கம் ஒரு வாட்டில் தோப்புக்குள் மாணவர்களை அழைத்துச் சென்றால் தரையில் புல்லைத் தேடத்தான் வேண்டும். சருகும், விரல் தடிமனில் நெருக்கியடித்து நிற்கும் கன்றுகளும்தான். வெட்டினாலும் தீராது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கெடாமல் இருந்து, தீ பட்ட பிறகு மொத்தமாக முளைத்துக் கிளம்பும்.

எனவே மூன்று குறியீடுகளுக்கும் நான் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்று. ஒரு ஹெக்டேர் மலைப் புல்வெளி வாட்டில் தோப்பாக மாறினால் நீ என்ன சொல்வாய்?

காலடித் தடம் லாபம் என்கிறது. ஒரு ஹெக்டேரை உலக ஹெக்டேராக மாற்றப் பெருக்கும் எண்ணைக் காரணி என்கிறார்கள்; மேய்ச்சல் நிலத்துக்கு அது சுமார் 0.46, காட்டுக்குச் சுமார் 1.28. எவ்வளவு விளையும், எவ்வளவு மரம் கிடைக்கும் என்பதுதான் அங்கே அளவுகோல். வரையாடு மேய்ந்த இடம், குறிஞ்சி பூத்த இடம், மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விட்ட இடம் என்பதெல்லாம் வரவில் ஏறாது. நட்டவனைப் பாராட்டும் கணக்கை இந்த மலையில் நின்றுகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை. நம் அரசுக் கணக்கும் பெரிய வித்தியாசமில்லை: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்தை மரங்களின் விதானம் (மேலிருந்து பார்த்தால் தெரியும் கிளை, இலைப் பரப்பு) மூடியிருந்தால், எந்த மரமானாலும் யாருடைய நிலமானாலும், இந்திய வன ஆய்வு நிறுவனத்துக்கு அது வனப்பரப்பு.

யேல் குறியீட்டின் 2022 பதிப்பில் மர இழப்பு, புல்வெளி இழப்பு, ஈரநில இழப்பு மூன்றும் தனித்தனி வரிசைகளாக இருந்தன. புல்வெளி போனால் புல்வெளி வரிசையில் அடி விழும். நான் தேடியது இதைத்தான். அதற்காக அதுவும் முழுத் தேர்ச்சி பெற்றுவிடவில்லை. அயல் மரங்களை அகற்றி நிலத்தை அதன் இயல்புக்கு மீட்கத் தமிழக அரசு அதே 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. அதன்படி வாட்டிலை வெட்டினால் செயற்கைக்கோளின் கண்ணுக்கு அது மர இழப்பு. 2024இல் நிரந்தர இழப்பையும் தற்காலிக இழப்பையும் வேறுபடுத்திப் பார்க்கும் அளவீட்டைச் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் அதே பதிப்பில் புல்வெளி வரிசையைத் தூக்கிவிட்டு 'காடுகள்' என்று தலைப்பு வைத்துவிட்டார்கள்! எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அது.

அப்படியும் அதை விடாததற்குக் காரணம், எங்கே தவறுகிறது என்று அதிலேயே விரல் வைத்துக் காட்ட முடிகிறது. 2022இல் 40 அளவீடுகள், 2024இல் 58. ஒவ்வொன்றுக்கும் என்ன எடை, தரவு எங்கிருந்து வந்தது, நாட்டுக்கு என்ன மதிப்பெண் என்று எல்லாமே வெளிப்படையாகக் கிடைக்கிறது. எடையை மாற்றிப்போட்டு மாணவர்களே புது மதிப்பெண் கணக்கிடலாம். காலடித் தடத்தில் எல்லாம் ஹெக்டேராகக் கரைந்த பிறகு இப்படிப் பிரித்து மேய்வது வகுப்பறை வேலையாக இல்லை; முயன்று பார்த்தோம், காரணிகளுக்குள்ளேயே பாடவேளை முடிந்துவிடுகிறது.

பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் மலைக்குப் பொருந்துவதும் பொருந்தாததும் தானாகவே வெளியே வரும். வீட்டில் விறகு எரிப்பதால் வரும் புகைக்குத் தனி வரிசை உண்டு. வாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, தன் வீட்டு அடுப்பில் எரிவதும் வாட்டில் விறகுதான், அதை வெட்டிவிட்டால் அம்மா எங்கே போவார் என்று கேட்டாள். அந்த வரிசை இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. 'கன உலோகங்கள்' என்ற தலைப்பைத் திறந்தால் உள்ளே ஈயம் மட்டுமே இருக்கிறது. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணில் கலந்த ஊர் இது. கன உலோகம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்?

கடைசி இடம் வந்தபோது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தக் குறியீட்டை ஏற்க மறுத்தது. 2050இல் வெளியேற்றம் எவ்வளவு இருக்கும் என்பதைக் கடந்த பத்தாண்டுப் போக்கை மட்டும் நீட்டிக் கணித்தது தவறு, தலைக்கு இவ்வளவு என்ற நியாயத்துக்கு எடை குறைவு என்பவை அதன் வாதங்களில் முக்கியமானவை. இரண்டும் எனக்கு ஏற்புடையவையே. காலநிலைப் பிரிவுக்கு அந்த ஆண்டு 38 சதவீத எடை; 2024இல் 30 ஆகக் குறைத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தாலும் நாம் தேறவில்லை. சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவில் வாங்கிய மதிப்பெண் அதைவிடக் குறைவு. காற்றுதான் பெரிய காரணம். கொடைக்கானல் காற்றை வைத்து யாரும் வாதாட வேண்டாம், நாட்டில் எல்லோரும் ஏழாயிரம் அடி உயரத்தில் வசிக்கவில்லை.

இதையே எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தரவரிசையை ஆண்டுக்காண்டு வரைபடமாகப் போடாதீர்கள். இந்தியாவின் மதிப்பெண் 2020இல் 27.6, 2022இல் 18.9, 2024இல் மறுபடி 27.6. நாடு விழுந்து எழுந்ததுபோல் தெரியும். பெரிதும் மாறியது அளவிடும் முறை. பழைய பதிப்புகளோடு நேராக ஒப்பிட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பத்தாண்டு மாற்றத்தை ஒரே முறையில் கணக்கிட்டுத் தனியாகத் தருகிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றத்தின் அட்டவணையில் 176 என்ற 2024ஆம் ஆண்டு இடத்தை ஓரமாகச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறோம். தலைப்புவாரி மதிப்பெண்கள் பெரிதாக இருக்கின்றன. அடியில், குறியீட்டில் இல்லாத இரண்டு வரிசைகளை நாங்களாகச் சேர்த்திருக்கிறோம்: புல்வெளி, பாதரசம். காலடித் தடத்தை முழுதாகக் கைவிடவில்லை. ஆண்டின் முதல் வகுப்பில் பிள்ளைகளைப் பேசவைக்க இப்போதும் அதுதான்.