'100+100 வாட்' கிளாஸ் டி போர்டு: ஹீட் சிங்க்குக்கு அடியில் என்ன இருக்கிறது?

1,400 ரூபாய் ஆம்ப்ளிஃபையர் போர்டு, டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் கிளாஸ் டி வகை. புளூடூத், மூன்று குமிழ், கூடவே 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். பெட்டியில் கொட்டை எழுத்தில் '100+100 வாட், டிபிஏ3116' (பின்னது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் பெயர்). மாட்டிப் பார்த்தால், பேஸ் விழும் இடத்திலெல்லாம் ஒலி அறுந்து அறுந்து வருகிறது. பாட்டை நிறுத்தினாலும் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் நிற்பதில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "சார், கிளாஸ் டின்னா அப்படித்தான். நல்ல சவுண்டு வேணும்னா ஏபிக்குப் போங்க."

(ஏபி என்பது பழைய வகை ஆம்ப்ளிஃபையர்.) சுத்தப் பொய். கிளாஸ் டி மேல் பழியில்லை. சிப்பைச் சுற்றி வைத்த சாமான்தான் கோளாறு.

முதலில் வாட் கணக்கு. 12 வோல்ட் சப்ளையில் பிரிட்ஜ் அவுட்புட்டின் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் சிப்பே ஓட்டும் முறை) உச்சம் சுமார் 11 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 11 × 11 ÷ 16 (உச்ச வோல்ட் என்பதால் ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்), ஏறக்குறைய ஏழரை வாட். 24 வோல்ட் கொடுத்தாலும் 30 வாட் பக்கம்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டேட்டாஷீட்டில் உள்ள 50 வாட், 4 ஓமில், 21 வோல்ட்டில், 10% டிஸ்டார்ஷனோடு கிடைப்பது. 100 வாட் என்பது இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கி 2 ஓம் கொடுத்தால் வரும் எண். அதையும் இரண்டால் பெருக்கி ஸ்டிக்கர் அடித்துவிட்டார்கள். அடாப்டர் தருவதே மொத்தம் 24 வாட்! டேப் ரெக்கார்டர் காலத்து பிஎம்பிஓ என்ற ஊதிப்பெருக்கிய வாட் கதை இன்னும் சாகவில்லை.

அடுத்தது சிப். 3116-க்கு வெப்பத் தகடு மேல்பக்கம் இருக்கும், ஹீட் சிங்க் அதில்தான் உட்கார வேண்டும். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, நெம்பாமல் பக்கவாட்டில் திருகிக் கழற்றினால், இந்த போர்டில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். தகடு கீழே இருக்கும் 3118 அது. அலுமினியம் பிளாஸ்டிக்கில் ஒட்டி அழகுக்கு நிற்கிறது. 3118 மோசமான சிப் இல்லை. 8 ஓமில் ஹீட் சிங்க் இல்லாமலே நன்றாக ஓடும். ஆனால் 3116 என்று நம்பி 24 வோல்ட்டில் 4 ஓம் மாட்டினால் சூடேறி அணைந்துவிடும்.

ஒலி கெடுவதற்குப் பெரிய காரணம் காயில். டேட்டாஷீட் வழியில் 10 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டும் சேர்ந்த ஃபில்டர் 61 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஆன்-ஆஃப் அலைகளை வெட்டும். 24 வோல்ட்டில் 4 ஓம் போட்டால் உச்ச மின்னோட்டம் 5 ஆம்பியரைத் தாண்டும். சுண்டைக்காய் அளவு திறந்த காயில் அதற்குள் சாச்சுரேட் ஆகி (காந்தத் திறன் தீர்ந்து), மின்னோட்டம் எகிறி, சிப்பின் பாதுகாப்பு ஒலியை அறுக்கிறது. 7 ஆம்பியராவது தாங்கும் ஷீல்டு காயில் நான்கு வேண்டும். மலிவான வொய்5வி செராமிக் கெப்பாசிட்டரும் ஆகாது: ஒவ்வொரு அவுட்புட் காலிலும் சப்ளையில் பாதி டிசி நிற்பதால், அதன் மதிப்பு பெருமளவு சரிந்துவிடும். ஃபிலிம் வகை போடுங்கள். 24 வோல்ட் கொடுக்கும் உத்தேசமிருந்தால் சப்ளையில் உள்ள 25 வோல்ட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் வையுங்கள்.

இரைச்சல், கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) 36 டெசிபலில் வைத்ததால். கெயின் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம், சிப்பின் ஜிவிடிடி பின்னுக்கு 100 கிலோ ஓம் வைத்தால் 26 டெசிபல். சப்ளையை அணைத்து மறுபடி போட்டால்தான் மாற்றம் ஏறும். அதன் பிறகும் புளூடூத்தில் மட்டும் கீச்சொலி வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகி இரைச்சல் நுழைவது. பி0505எஸ் என்ற, உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் மாட்யூல் வைத்து புளூடூத்தின் 5 வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள்.

வாங்குமுன் கடையிலேயே 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் மாட்டி, போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் விட்டு, ஏசி வோல்ட் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் 100. 12 வோல்ட்டில் 8 வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட். இரண்டு ஸ்பீக்கர் மைனஸையும் சேர்த்துவிடாதீர்கள், கிரவுண்டில் தொடவும் கூடாது. பிரிட்ஜ் அவுட்புட்டில் அது ஷார்ட்.

ஹீட் சிங்க் கழற்றிய படத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கிடைத்த பதில்: "கழட்டிட்டீங்களே சார், வாரண்டி போச்சு." அதனால் பணம் கொடுக்குமுன் ஹீட் சிங்க் இல்லாத படம் கேளுங்கள். தர மறுத்தால் போர்டைத் திருப்பி, சிப்புக்கு நேர் கீழே, சூட்டைக் கீழ்ப்பக்கம் கடத்தும் ஊசித்துளைகள் கூட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது 3118 என்று சந்தேகப்படலாம்.