ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? எனக்கு ரூ. 46,500 போனது இப்படித்தான்

வீட்டில் பெரியவர் யாராவது விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எனக்குப் போனது ரூ. 46,500. நேற்று ராத்திரிதான் அந்த ஏஜென்சி ஆள் என் நம்பரை பிளாக் செய்தான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏஜென்சி பெயரைப் போடவில்லை. மனு போட்டு முடிக்கிற வரைக்கும் பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு நர்ஸ், அட்டெண்டர் அனுப்புகிற ஏஜென்சி. மதுரையில் ஆட்டோ முதுகிலும் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அந்த ரகம்.

அம்மாவுக்கு 74 வயது. ராத்திரி பாத்ரூம் போனவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் வலது கால் குட்டையானது மாதிரி இருக்கிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. சித்தி வந்து, "கத்தி வைக்காதே, புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் பேப்பரில் படம் போட்டே காட்டினார். அந்த இடத்தில் உடைந்து விலகிவிட்டால் மேலே இருக்கும் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் கெட்டுவிடும், கட்டுப் போட்டால் இந்த வயதில் எலும்பு கூடாது, பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்துதான் வைக்க வேண்டும். நாள் கடத்தினால் நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று ஒவ்வொன்றாக வரும் என்றார். மறுநாளே ஆபரேஷன் நடந்தது. அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்து நிற்கவும் வைத்துவிட்டார்கள். அதுவரை யார்மேலும் எனக்குக் குறையில்லை.

பிரச்சினை டிஸ்சார்ஜ் பேச்சு வந்ததும் ஆரம்பித்தது. தம்பி ஷார்ஜாவில். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பொதுத்தேர்வு நேரம், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. பகலில் அம்மாவோடு விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். வார்டில் ஒருத்தர் ஒரு கார்டைக் கையில் கொடுத்தார். போன் போட்டேன், அன்று சாயங்காலமே ஆள் வந்து நின்றான்.

அவன் வந்து நின்ற விதத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் ரூ. 46,500-ம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போனது. வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஃபைல். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனான். அம்மா தூக்கத்தில் காலோடு காலைச் சேர்த்து வைத்திருந்தார். ஓரத்தில் கிடந்த தலையணையை எடுத்து, ஆபரேஷன் ஆன காலை முழங்காலுக்குக் கீழே ஒரு கை, கணுக்காலில் ஒரு கை கொடுத்துப் பதமாக நகர்த்தி, இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தான். பிறகு குதிகாலைத் தூக்கி, கீழே சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தான். "அம்மா, இனிமே சம்மணம் கிடையாது, கால்மேல கால் போடக்கூடாது, தாழ்வான இடத்துல உக்காரவே கூடாது, சரியா?" என்றான். காலையில் டாக்டர் சொன்னதை வரிக்கு வரி அப்படியே சொல்கிறான்! "எந்த ஊரும்மா உங்களுக்கு?" "சோழவந்தான்." "அட, எங்க ஆச்சி ஊரு." அம்மா சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

அதன் பிறகுதான் ஃபைலைத் திறந்தான். "நம்மகிட்ட எல்லாருமே ஜிஎன்எம் நர்ஸிங் படிப்பு முடிச்ச சிஸ்டருங்கதான் அக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறது, டிரஸ்ஸிங், நடக்க வைக்கிறது எல்லாம் பாத்துப்பாங்க. பிடிக்கலன்னா 24 மணி நேரத்துல ஆள் மாத்திடுவோம்." பதிவுக் கட்டணம் 3,500. ஒரு மாத முன்பணம் 27,000. டெபாசிட் 16,000, அது வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடுமாம். மொத்தம் 46,500. டிஸ்சார்ஜுக்கு முன்னால் கட்டினால் நாங்கள் வீட்டுக்குப் போகும்போதே சிஸ்டர் வாசலில் நிற்பாராம். ஜிபேயில் அனுப்பினேன். திரையில் கம்பெனி பெயர் வராமல் ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, "எங்க அக்கவுன்ட்ஸ் மேடம்க்கா அது" என்றான்.

வாசலில் யாரும் நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு சின்னப்பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டில் மடிப்புகூடக் கலையவில்லை, காலர் உள்பக்கம் விலைச்சீட்டுக் கட்டியிருந்த நூல் தொங்குகிறது. பிபி பாரும்மா என்றால் ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாள். எங்கே படித்தாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் இருந்தேன், இதில் சம்பளம் கூட என்று சொன்னதால் வந்தேன் என்றாள். அவளுக்குப் பேசியிருப்பது மாதம் 9,000. என்னிடம் வாங்கியது 27,000. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை, அவளையும் அவன் ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறான்.

உடனே போன் போட்டேன். "இன்னிக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா, நம்ம சிஸ்டர் லீவு. திங்கக்கிழமை மாத்திடுறேன்." அந்தத் திங்கக்கிழமை வந்தது. அடுத்த திங்கக்கிழமையும் வந்தது.

இதற்கு நடுவில் நடந்தது இது. வாக்கரில் நடக்கும்போது முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். ஆஸ்பத்திரி பிசியோ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. இந்தப் பெண் அதைத் தலைகீழாகச் செய்ய வைத்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும், ஒருநாள் குளிப்பாட்டுகிறேன் என்று அம்மாவை மணைப்பலகையில் உட்கார வைத்துவிட்டாள். மணை எவ்வளவு உயரம் இருக்கும், உங்களுக்கே தெரியும். முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விட்டது. புதிதாக வைத்த பந்து கிண்ணத்தைவிட்டு நழுவ இதைவிட வேறென்ன வேண்டும்? அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவரேறிக் குதிக்காத குறையாக வந்து தூக்கியிருக்கிறார். திரும்ப ஆம்புலன்ஸ், திரும்ப எக்ஸ்ரே. பந்து நழுவவில்லை, மீனாட்சி காப்பாற்றினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவைத் திருப்பியபோது முதுகுத்தண்டின் அடியில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு மேல்தோல் உரிந்திருந்தது. படுக்கைப்புண். ஒரு வாரமாக முதுகு எரியுது எரியுது என்று அவர் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண் பவுடர் போட்டிருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதாவது! மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுக்க ஒரு தடவை எழுப்புவாளாம், அவ்வளவுதான். டாக்டர் என்னைத்தான் திட்டினார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுத்துப்போய்ப் பிறகு சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லை என்றால் அப்போதே புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த ஆள் அன்றைக்கு வார்டில் குதிகாலை அழுத்திப் பார்த்தானே, அது இதுதான். எல்லாம் தெரிந்தவன். தெரிந்துகொண்டுதான் துணிக்கடைப் பெண்ணை அனுப்பினான்.

இதற்கப்புறம் போனில் நடந்த கூத்தைக் கேளுங்கள். முதலில், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." பிறகு, "உங்க அம்மா ஒத்துழைக்கலன்னு ஸ்டாஃப் ரிப்போர்ட் பண்ணியிருக்காங்களே?" பிறகு, "வயசானவங்கன்னா புண்ணு வரத்தான் செய்யும், இதுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியுமா?" அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதற்குள் மேடத்துக்கு மாறியிருந்தான். டெபாசிட் 16,000-ஆவது கொடு என்றேன். ரசீதின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். பார்த்தால் எறும்பு எழுத்தில், இங்கிலீஷில், மூன்று மாதத்துக்குள் நாமே நிறுத்தினால் எதுவும் திருப்பித் தரமாட்டார்களாம். நானா நிறுத்தினேன்? அந்தப் பெண்ணே சம்பளம் வரவில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள்!

நேரில் போனேன். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே ரூம். மேஜைமேல் இரண்டு போன், ஒரு பிள்ளையார், கல்லூரிப் பெண் மாதிரி ஒருத்தி. "நாங்க பிரான்சைஸிதான் மேடம், ரீஃபண்ட் எல்லாம் ஹெட் ஆபீஸ்லதான்." ஹெட் ஆபீஸ் எங்கே என்றால் மெயில் ஐடி ஒன்று எழுதிக் கொடுத்தாள். அந்த மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர் டீச்சர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்று உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்கள். நேற்று வாட்ஸப்பில் அம்மாவின் புண் போட்டோவை அவனுக்கு அனுப்பினேன். ப்ளூ டிக் வந்தது. அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக். முகப்புப் படமும் போய்விட்டது.

ரூ. 46,500. அதுபோக ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, காற்று மெத்தை, டிரஸ்ஸிங் செலவு தனி. அதைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் தெருவுக்கு பிபி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் நேற்று அம்மாவைப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டும் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸும் வருகிறார்களாம், காசில்லாமல். மாத்திரைக்கு மட்டும்தான் அந்தத் திட்டம் என்று தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. பகல் முழுக்க உட்கார அவர்களால் முடியாதுதான். ஆனால் புண் வருகிறதா, நடை சரியா என்று பார்க்க ஒரு படித்த கண் கிடைத்திருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் நாலு பக்கம் மாத்திரை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரி எழுதினால் என்ன?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். டிரஸ்ஸிங்குக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழ் பார்க்காமல் யாரையும் நர்ஸ் என்று வீட்டுக்குள் விடாதீர்கள். தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள், அட்டெண்டர்தான் வருகிறார் என்றால் அட்டெண்டர் என்றே எழுதி வாங்குங்கள். பேச வருகிறவனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வேலைக்கு வரப்போகிற ஆளை ஆஸ்பத்திரிக்கே வரச்சொல்லி பிசியோ முன்னால் அம்மாவை எழுப்பி நடக்க வைக்கச் சொல்லுங்கள். மாத முன்பணம் வேண்டாம், வாரக் கூலி பேசுங்கள். தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதின் பின்பக்கம். யார் வைத்துப் பார்த்தாலும் சரி, தினமும் ஒருமுறை முதுகையும் குதிகாலையும் நீங்களே திருப்பிப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, நாம் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஹெட் ஆபீஸ் எந்த ஊராக இருந்தாலும் சரி. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் அடுத்த வாரம் போடுகிறேன். வெள்ளைச் சட்டை, விபூதி, "எங்க ஆச்சி ஊரு" என்று சொன்ன இதே ஆளிடம் மதுரையில் இன்னும் யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே போடலாம்.