பிரஷர் மெஷின் ஏறி இறங்கிக் காட்டுவது ஏன்? மலையக வீடுகளில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

விடிய ஐந்தரைக்கு 158/94. ஒரு நிமிடம் கழித்து 149/90. மறுபடி கட்டினால் 143/87. ஒரே ஆள், ஒரே கை, ஒரே மெஷின். வீட்டில் பிரஷர் பார்க்கத் தொடங்கிய எவரும் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது: பழுது மெஷினிலா, உடம்பிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. இரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிற ஒன்று. மெஷின் அதில் அரை நிமிடம், முக்கால் நிமிடத்தை மட்டும் பிடித்துக் காட்டுகிறது. பத்துப் பதினைந்து இலக்கம் கூடிக் குறைவது இயல்பு. அதற்கு மேல் குதித்தால் காரணம் இருக்கும். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து வீடுகளில் அந்தக் காரணத்தை முதலில் குளிரிலும் உட்காரும் விதத்திலும் தேடவேண்டும்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது சத்தத்தை. 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன முறை அது. வீட்டு மெஷின் சத்தம் கேட்பதில்லை. நாடித் துடிப்பு, கையில் சுற்றிக் கட்டும் பட்டிக்குள் இருக்கும் காற்றில் உண்டாக்கும் சின்ன அதிர்வைத்தான் பிடிக்கிறது. அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல் பிரஷரையும் கீழ் பிரஷரையும் மெஷின் அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறது. அதனால் விரலை மடக்கினாலும், இருமினாலும், "அடுப்பைப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் கணக்குப் பிசகும். முதல் தடவை துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் மெஷின் பாதியில் நின்று, முன்பைவிடக் கடுமையாக இறுக்கும். கை வலிக்கும், வலியில் பிரஷர் ஏறும். அப்படி வந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதவே வேண்டாம். பட்டியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு பாருங்கள்.

பட்டியின் அளவைப் பார்க்காமல் மெஷின் வாங்குவதுதான் பலரும் செய்யும் பெரிய பிழை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டி வழக்கமாக 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரைக்குமானது. 35 சென்ரிமீற்றர் கையில் அதைக் கட்டினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். அவர்களுக்கு 22 முதல் 42 வரையான அகலப் பட்டி வேண்டும். வயதான, மெலிந்த அம்மாமார்களுக்குப் பிரச்சினை மறுபக்கம்: 20 சென்ரிமீற்றர் கையில் பெரிய பட்டி கட்டினால் குறைத்துக் காட்டும், இருக்கிற பிரஷர் மறைந்துபோகும். பட்டியின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு சென்ரிமீற்றர் மேலே நிற்கவேண்டும், குழாய் உள்ளங்கைப் பக்கமாக நடுவிரலை நோக்கி இறங்கவேண்டும், பட்டிக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் சிறியது, குளிருக்கு உடுப்புக் கழற்றத் தேவையில்லை என்று ஆசையாக வாங்குகிறார்கள். கை கொஞ்சம் தாழ்ந்தாலே இலக்கம் மாறிவிடும் என்பதால் பதற்றக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

இனி ஸ்வெட்டர். கையை மேலே சுருட்டிவிட்டுப் பட்டியைக் கட்டுவதுதான் இங்கே வழக்கம். சுருட்டிய கம்பளி தோளுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல இறுக்கிக்கொள்ளும், அளவு கெட்டுப்போகும். ஸ்வெட்டரிலிருந்து அந்த ஒரு கையை மட்டும் முழுதாக வெளியே எடுத்து, பட்டியை வெறும் கையில் கட்டி, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். கதிரை இல்லாத காம்பராவில் (லயத்து அறையில்) பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போதும். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்வதும், கால்மேல் கால் போடுவதும் இலக்கத்தை ஏற்றும். பாதம் இரண்டும் தரையில் பதியவேண்டும். சீமெந்துத் தரை சில்லென்று இருக்குமென்பதால் ஒரு சாக்கையோ பாயையோ விரித்துக்கொள்ளுங்கள். பட்டியின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக நிற்கவேண்டும். கை மடியில் கிடந்து பத்து சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே ஏழெட்டு இலக்கம் கூடிவிடும். உயரம் போதாவிட்டால் கைக்குக் கீழே தலையணை வைக்கலாம். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கக்கூடாது.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். ஏப்ரலில் 130இல் நின்ற ஆளுக்கு ஜனவரி விடியலில் 140 காட்டுவது இங்கே புதினமல்ல. மெஷினுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான மெஷின்களின் கையேட்டில் பாவனை வெப்பநிலை 10 முதல் 40 பாகை என்று போட்டிருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பனி கொட்டும் விடியலில் ஜன்னல் ஓரத்தில் வைத்த மெஷின் அந்தப் பத்துக்குக் கீழேயே போய்விடலாம். குளிரில் பற்றரி சோரும், காற்றடிக்கும் மோட்டார் இழுத்து இழுத்து ஓடும். இரவில் மெஷினைப் படுக்கிற அறையில் வைத்து, காலையில் அடுப்படியில் இருந்து பார்ப்பது நல்லது. உயரத்தைப் பற்றியும் கேட்பார்கள். மெஷின் தொடங்கும்போதே வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொள்வதால், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் அது சரியாகவே அளக்கும். ஆனால் சில மொடல்களுக்கு வளிமண்டல அழுத்தத்தின் கீழ் எல்லை 800 ஹெக்டோபாஸ்கல், நுவரெலியாவில் இருப்பது கிட்டத்தட்ட 810. எல்லை 700 என்று போட்ட மொடல் கிடைத்தால் அதை எடுப்பது நிம்மதி.

எந்த நேரத்தில் பார்ப்பது? எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் முன்னால். பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களுக்கு அந்த நேரம் ரொட்டி தட்டுகிற அவசரமாக இருக்கும். அப்படியானால் படுக்கையைவிட்டு எழும்பியதும், அடுப்புப் பற்றவைக்கும் முன்னமே உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்து, முதல் அளவு, ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது அளவு: எட்டு நிமிட வேலை. மாலையில் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஏற்றம் ஏறி வந்த கையோடு கட்டினால் 150க்கு மேல் காட்டத்தான் செய்யும். குறைந்தது அரை மணித்தியாலம் போகட்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை போட்டிருந்தாலும் அதே அரை மணித்தியாலம். முதுகு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனக் போன்ற மாத்திரைகள் பிரஷரைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியாது. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். போட்ட நாளைக் கொப்பியில் ஓரமாகக் குறித்துவையுங்கள்.

இந்த முறையில் ஏழு நாள் பாருங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் நாள் பதற்றத்தில் கூடத்தான் வரும், அதை விட்டுவிடுங்கள். மிச்சம் ஆறு நாளில் 24 அளவுகள். மேல் பிரஷரைத் தனியாகக் கூட்டி 24ஆல் வகுங்கள், கீழ் பிரஷரையும் அப்படியே. வருவதுதான் உங்கள் பிரஷர். வீட்டில் பார்க்கும் சராசரிக்கு எல்லை 135/85. கிளினிக்கில் சொல்லும் 140/90ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 158/94க்காரருக்கு ஒரு கிழமைச் சராசரி 133/82 வருவது நடக்கக்கூடியதே. விடியலில் பார்த்த அந்த 158 பொய்யல்ல. 24இல் ஒன்று, அவ்வளவுதான். தொடக்கத்தில் இரண்டு கையிலும் பாருங்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்துகொண்டே இருந்தால் கூடக் காட்டும் கைதான் கணக்கு, அதை டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

பயம்தான் இதில் மிகக் கொடுமையான பகுதி. கூடக் கண்டதும் மறுபடி கட்டுவது, குறையும்வரை கட்டுவது, இரவில் எழும்பிக் கட்டுவது. இடைவெளி இல்லாமல் இறுக்க இறுக்கக் கையில் இரத்தம் தேங்கும், நெஞ்சு படபடக்கும், இலக்கம் இன்னும் பிசகும். ஒரு வேளைக்கு இரண்டு அளவு, அதோடு மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். முடியாதவர்களுக்கு வீட்டில் இன்னொருவர் பார்த்து எழுதிவைத்து, கிழமை முடிவில் சராசரியை மட்டும் சொல்வது நன்றாக உதவுகிறது. கூடியிருக்கிறதென்று ஒரு மாத்திரை அதிகம் போடுவதும், 110 காட்டுகிறதென்று அன்றைக்கு நிறுத்துவதும் ஆபத்து. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் உடம்பில் நிலைகொள்ளவே ஏழெட்டு நாள் பிடிக்கும். இன்றைய இலக்கத்துக்கு இன்றே பதில் சொல்லும் மாத்திரை அல்ல அது.

180/120 தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் சோர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கண் மங்கல் எதுவும் சேர்ந்திருந்தால் மறுபடி அளந்துகொண்டு நிற்காதீர்கள், அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள். மெஷின் நல்ல இலக்கம் காட்டினாலும் இந்த அறிகுறிகளுக்கு ஆஸ்பத்திரிதான்.

மெஷின் வருடக்கணக்கில் எப்படித் தேய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். முதலில் போவது பட்டியின் ஒட்டு. காற்றடிக்கும்போது "சர்" என்று மெல்ல விலகும், இலக்கம் குதிக்கும். அடுத்தது குழாய், மெஷினில் செருகும் இடத்தில் வெடிப்பு விடும். மெஷினைச் சுற்றிக் குழாயை இறுக்கி வைப்பதுதான் காரணம்; தளர்வாக வளையமாகச் சுருட்டுங்கள். ஜூன், ஜூலை மழையில் ஈரம் ஏறிப் பட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், பற்றரி முனையில் பச்சைக் களிம்பு படியும். பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றிவைத்தால் அது வராது. பட்டியைத் தனியாக வாங்கலாம், அதே மொடலுக்கானதா என்று மட்டும் பாருங்கள். மெஷின் திரையில் சீரற்ற துடிப்புக்கான இதய அடையாளம் ஓரிரு தடவை வந்தால் கை அசைந்திருக்கலாம். அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்கவேண்டும். துடிப்பே ஒழுங்கில்லாதவர்களுக்கு மெஷினின் கணக்கும் நிலையாக நிற்காது.

வருடம் ஒருமுறை கிளினிக் நாளில் கொப்பியோடு மெஷினையும் கொண்டுபோங்கள். நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு, அதே கையில் அவர்கள் ஒரு தடவை, உங்கள் மெஷின் ஒரு தடவை, மறுபடி அவர்கள் ஒரு தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு. அவர்களுடைய இரண்டின் சராசரிக்கும் உங்களுடையதற்கும் ஐந்துக்குள் வித்தியாசம் என்றால் மெஷின் சரி. பத்துக்கு மேல் என்றால் இன்னொரு நாள் பாருங்கள், அன்றும் அப்படியே வந்தால் முதலில் பட்டியை மாற்றுங்கள், பிறகு மெஷினை.